விலங்குகளின் நடமாட்டமும் வெப்பநிலையும்: ஓர் ஆய்வு வரலாறு

பூச்சிகள், மீன்கள், ஊர்வன போன்ற குளிர் இரத்தப் பிராணிகளின் வேகம் சுற்றுப்புற வெப்பநிலையோடு ஏறி இறங்குகிறது. வெப்பம் கூடும்போது உடலின் வேதிவினைகள் விரைவுபெறுவதே இதற்குக் காரணம். வேதிவினையின் வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை ஸ்வீடன் அறிவியலாளர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889இல் சமன்பாடாக வகுத்தார். அது உயிரினங்களின் இயக்கத்துக்கும் பொருந்துமா என்று பின்வந்தோர் ஆராய்ந்தனர்.

தொடக்ககால அளவீடுகள் தனி உயிரினத்தைப் பற்றியவை. சுவர்க்கோழியின் ஒலியிலிருந்து வெப்பநிலையைக் கணிக்கும் வாய்பாட்டை அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பியர் 1897இல் வெளியிட்டார். நிமிடத்துக்கு எத்தனை ஒலி என எண்ணி, அதில் 40ஐக் கழித்து, மீதியை 4ஆல் வகுத்து, 50ஐக் கூட்டினால் பாரன்ஹீட் அளவு கிடைக்கும். 120 முறை ஒலித்தால் 70 டிகிரி. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றிய வானியலாளர் ஹார்லோ ஷாப்லி, அங்கே சாரைசாரையாகச் சென்ற எறும்புகளின் வேகத்தை அளந்து 1920இல் கட்டுரை எழுதினார். வெப்பநிலை சுமார் 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோது அவற்றின் வேகம் ஏறத்தாழ 15 மடங்கானது. 1924இல் வில்லியம் குரோசியர் மரவட்டையின் ஊர்தலை அர்ரீனியஸ் சமன்பாட்டுடன் பொருத்திக் காட்டினார்.

விலங்கு வெப்பத்துக்கு வெறுமனே ஆட்படுவதில்லை என்பதை ரேமண்ட் கவுல்ஸும் சார்லஸ் போகெர்ட்டும் 1944இல் நிறுவினர். அவர்கள் ஆராய்ந்த பாலைவன ஊர்வன, வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறிச் சென்று உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொண்டன. வேகம் எல்லையின்றி ஏறுவதும் இல்லை. படிப்படியாக உயர்ந்து, உச்சத்தைத் தொட்டபின் செங்குத்தாகச் சரியும் செயல்திறன் வளைகோட்டை ரேமண்ட் ஹியூயியும் ஆர். டி. ஸ்டீவன்சனும் 1979இல் விளக்கினர்.

இதற்கிடையே உயிரினங்களுக்கு இடையிலான உறவும் ஆய்வுக்கு வந்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் பார்க், இரண்டு மாவு வண்டு இனங்களை ஒரே மாவில் வளர்த்த சோதனையை 1954இல் வெளியிட்டார். 34 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள சூழலில் ஓர் இனமே எப்போதும் வென்றது. 24 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள சூழலில் மற்றது வென்றது. உணவும் எதிரியும் மாறாதிருக்க, சூழலே வெற்றியைத் தீர்மானித்தது.

களத்திலும் இத்தகைய விளைவு புலப்பட்டது. அமெரிக்காவின் ஒரிகான் கடற்கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழும் நாட்களில், பாறைச் சிப்பிகளை நட்சத்திர மீன்கள் தின்பது பெரிதும் குறைந்ததை எரிக் சான்ஃபோர்ட் 1999இல் காட்டினார். அப்பாறைகளில் சிப்பிகள் இடம்பிடித்துப் பரவாமல் தடுப்பவை இந்த நட்சத்திர மீன்களே. ஆகவே நீர் சில டிகிரி குளிர்ந்தாலே அங்குள்ள முழு உயிரினக் கூட்டத்தின் அமைப்பும் மாறக்கூடும்.

சிதறிக் கிடந்த இத்தகைய தரவுகளை ஆன்டனி டெல், சம்ராத் பவார், வான் சாவேஜ் ஆகியோர் 2011இல் ஒருங்கே தொகுத்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வெப்ப எதிர்வினைகளை ஒப்பிட்டதில், தப்பியோடுதல் போன்ற உயிர்காப்புச் செயல்கள் மற்றவற்றைவிட வெப்பநிலைக்குக் குறைவாகவே ஆட்படுவது தெரிந்தது. அவர்களின் 2014 ஆய்வு வேட்டை முறையையும் கணக்கில் கொண்டது. இரைகொல்லி பதுங்கிக் காத்திருந்தால், இரையின் வேகமே இரண்டும் எதிர்ப்படும் வாய்ப்பைத் தீர்மானிக்கும். இரை நகராதிருந்தால் கொல்லியின் வேகமே முக்கியம். இரண்டும் நகர்ந்தால் வேகம் மிகுந்ததன் செல்வாக்கே ஓங்கும்.

இரைக்கும் கொல்லிக்கும் இடையிலான இந்த வேக ஏற்றத்தாழ்வு விலங்குகளின் உலகளாவிய பரவலையும் விளக்குகிறது. சீல், திமிங்கிலம், பென்குயின் போன்ற வெப்ப இரத்த வேட்டையாடிகள் குளிர்ந்த கடல்களில் செழித்திருப்பதற்கு ஜான் கிரேடி குழுவினர் 2019இல் இதையே காரணமாக முன்வைத்தனர். குளிர்நீரில் மீனின் வேகம் தளர, வெப்ப இரத்த விலங்கின் வேகம் குறைவதில்லை. எனவே இரையைப் பிடிப்பது எளிது. கடல் சூடேறினால் இந்த அனுகூலம் குறையும் என்பது அவர்களின் கணிப்பு.