தோல் கப்பலேறியது, ஈரல் வீட்டில் தங்கியது



ஆம்பூர் பிரியாணியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் ஈரல் குழம்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அது வீட்டுப் பண்டம், கடைப் பலகையில் பெயர் ஏறாத பண்டம். ஆனால் அந்தக் கிண்ணத்தில் நம் ஊர் வரலாறும் கொஞ்சம் இருக்கிறது, ஒரு கணக்குப் பாக்கியும் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

"உங்க பக்கம் டேனரி அதிகம், அதனால கறியும் ஈரலும் மலிவா கிடைக்கும்" என்று வெளியூர்க்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. நம் டேனரிகளுக்கு வந்த தோலெல்லாம் நம் ஊர் ஆடுமாடுகளின் தோல் அல்ல. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் ஆம்பூர், வாணியம்பாடியைத் தாண்டி ஜோலார்பேட்டைக்குப் போனது. உப்புத் தடவிய தோல் கட்டுகள் தொலைவிலிருந்து வந்து சேர அது வழி செய்தது. சென்னை பெரியமேடு தோல் சந்தையானது. இங்கே பாலாற்றுத் தண்ணீரும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருந்தன. பதனிட்ட தோல் லண்டன் ஏலத்துக்குக் கப்பலேறியது. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1970களில் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு ஷூ கம்பெனிகள் பெருகின. உங்களில் பலர் வீட்டுக்குச் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

உப்புப் போட்டால் தோல் மாதக்கணக்கில் தாங்கும். ஈரல் தாங்காது. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் அறுத்த அன்றே அடுப்பில் ஏறியாக வேண்டும். அதனால் தோல் உலகச் சரக்கானது, ஈரல் தெருவுக்குள் நின்றுவிட்டது.

இந்த இரண்டு பாதையும் ஒரே வீட்டு வாசலில் பிரிவதைப் பக்ரீத் அன்று பார்க்கலாம். குர்பானி கொடுத்ததும் பல வீடுகளில் முதலில் அடுப்பேறுவது ஈரல்தான். உருதுப் பேச்சில் கலேஜி என்பார்கள். கறி வேக நேரமாகும், ஈரல் சில நிமிடத்தில் வெந்துவிடும். தோலைப் பெரும்பாலும் மதரஸாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். மதரஸா அதை விற்கும், அது டேனரிக்குப் போகும். அதே ஆட்டின் ஈரல் காலைப் பலகாரத்துக்குத் தட்டில் வந்திருக்கும்.

அறிவியல் வகுப்பு என்று நினைத்து இதையும் கேளுங்கள். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். ஆவாரம்பட்டையின் துவர்ப்பு அந்தக் கொலாஜனைப் பிடித்துக்கொள்வதால்தான் தோல் அழுகாமல் செருப்பாகிறது. தொடைக்கறியிலும் கொலாஜன் உண்டு. நீரில் நெடுநேரம் வேகும்போது அது இளகிப் பசையாகும், அதனால் கறி மெத்தென்று ஆகிறது. ஈரலில் கொலாஜன் மிகக் குறைவு. இளக ஒன்றும் இல்லாததால், வேக வேக ஈரம் வற்றி இறுகத்தான் செய்யும். "ஈரல் ரப்பர் மாதிரி இருக்கு" என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் குக்கரில் நாலு விசில் விட்டவர்கள்.

எங்கள் வீட்டு முறை இது. அரை கிலோ ஆட்டு ஈரல். மேலே உள்ள மெல்லிய சவ்வை உரித்துவிட்டு, ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, கழுவி, மஞ்சள் தடவி வைக்கவும். சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி வதக்கி, மல்லித்தூளும் மிளகுத்தூளும் போட்டு, இரண்டாம் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்கவிடவும். மசாலாப் பச்சை வாசனை போன பிறகே ஈரல். ஏழெட்டு நிமிடம் போதும். ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே ரத்தச் சிவப்பு இருக்கக் கூடாது. பிறகு தீயைக் குறைத்து, பத்து முந்திரியை அரைத்துக் கலந்த முதல் பாலை ஊற்றி, உப்புப் போட்டு, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடவும். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்துவிடும்.

இனி அந்தக் கணக்குப் பாக்கிக்கு வருகிறேன். இந்தக் குழம்பை வைத்தவர் யார், சாப்பிட்டவர் யார்?

எங்கள் வீட்டில் ஈரல் துண்டு அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும் போகும். அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டிய மசாலாதான். பிரசவம் ஆன பெண்ணுக்கு மட்டும் சில நாள் "ரத்தம் ஊறும்" என்று ஈரலும் சுவரொட்டியும் தனியாக வரும். ஆக, விஷயம் நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஆனால் பெண்ணுக்கு அது மருந்து, ஆணுக்கு அது சாப்பாடு.

பாட்டிகள் சொன்னது 1926இல் மருத்துவ உலகத்துக்குச் செய்தியானது. அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், சாவை எதிர்நோக்கியிருந்த ஒருவகை ரத்தசோகை நோயாளிகளுக்குத் தினமும் ஈரலைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். நாய்களிடம் ஈரலின் பலனை முன்பே கண்ட விப்பிளும் அவர்களும் 1934இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

நம் கதை அடுத்தது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் அறியும் இடத்திலும் அந்த வேலை தொடர்ந்தது. நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சாறு அந்தப் பெண்களுக்குப் பலன் தரவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாறும், ஈஸ்டிலிருந்து செய்யும் மலிவான மார்மைட்டும் பலன் தந்தன. அப்படியானால் ஈரலில் இன்னொரு சத்தும் இருக்கிறது என்று தெரிந்தது. அதுதான் ஃபோலிக் அமிலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வகக் குழு 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது.

பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல மாத்திரை கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? சிலர் கன்னத்தில் ஒதுக்கி வைத்து ஜன்னல் வழியாகத் துப்புவீர்கள். இரும்புச்சத்தோடு அதில் இருந்தது இந்த ஃபோலிக் அமிலம்தான். பஞ்சாலைப் பெண்களின் ரத்தத்திலிருந்து தொடங்கிய கதை அது.

இன்று காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துகளில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் என் மாணவிகளும் இருக்கிறார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நூறு ஆண்டு அறிவியல், மாத்திரை, திட்டம் எல்லாம் வந்த பிறகும் இந்த நிலை. ஈரல் மட்டும் இதைத் தீர்த்துவிடாது. கீரையும் பயறும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். ஆனால் சட்டியில் ஈரல் இருக்கும் வீட்டிலாவது அது யார் தட்டில் விழுகிறது என்று பார்க்கலாம் அல்லவா?

ஒரு எச்சரிக்கை: ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். கர்ப்பமாக இருப்பவர்கள், குறிப்பாக முதல் மாதங்களில், மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். மற்றவர்களுக்கும் வாரம் ஒரு முறை, கொஞ்சமாகப் போதும்.

மாட்டு ஈரலைத் டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, மூடியை மறைத்துச் சாப்பிட்ட பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை குறைவு என்பதால் சத்து குறைவாகிவிடாது. வெட்கப்பட அதில் எதுவும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஈரல் வாங்கினால், பையன்களே, முதல் துண்டை அம்மாவுக்கோ மனைவிக்கோ தங்கைக்கோ வையுங்கள். உங்கள் வீட்டில் ஈரலை எப்படிச் செய்வார்கள், யார் தட்டுக்கு முதலில் போகும் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.