அயனிக் கற்றையும் மேற்பரப்பின் அலைகளும்: அரிப்பா, பெயர்ச்சியா?

வெற்றிடக் கலத்துள் ஒரு சிலிக்கான் தகட்டை வைத்து, சில நூறு முதல் ஆயிரம் எலெக்ட்ரான்-வோல்ட் வரை சக்தியூட்டப்பட்ட ஆர்கான் அயனிகளை அதன்மீது போதிய சாய்வில் தொடர்ந்து பொழிந்தால், முன்பு வழவழப்பாயிருந்த அதன் மேனியில், பத்துக்கணக்கான நானோமீட்டர் இடைவெளியுடன் வரிவரியாக அலைகள் எழுந்துவிடுகின்றன. இவற்றை வரைய அச்சு ஏதும் வைக்கப்படுவதில்லை. கற்றையும் ஒரே சீராகத்தான் விழுகிறது. சீரான காரணத்திலிருந்து சீரற்ற காரியம் எவ்வாறு பிறந்தது என்று கேட்டால், அயனிகள் அணுக்களைப் பெயர்த்து வெளியே எறிகின்றன, அந்த அரிப்பு பள்ளத்தில் மிகுந்தும் மேட்டில் குறைந்தும் நிகழ்கிறது, ஆகவே சிறு மேடுபள்ளம் பெரிதாக வளர்கிறது என்ற விடையே ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலம் மறுப்பின்றி ஆட்சி புரிந்தது. அந்த விடை கணித நோக்கில் அழகானது. ஆயினும், சிலிக்கானைப் பொறுத்தமட்டில் அது பிரதான காரணத்தைச் சுட்டவில்லை என்பதும், வெளியே எறியப்படும் அணுவைவிட வெளியேறாமல் இடம் மட்டும் பெயரும் அணுவே மேற்பரப்பின் உருவத்தை நிர்ணயிக்கிறது என்பதும், மென்படலங்களின் விஷயத்திலும் பெரும்பாலும் இதே நியாயம் செல்லும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இத்துறையின் பூர்வ சரித்திரம் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. அரிதாக்கப்பட்ட வாயுவினூடே மின்சாரம் பாயும்போது மின்வாயின் உலோகம் பெயர்ந்து அருகே படிவதை 1852-இல் வில்லியம் ராபர்ட் குரோவ் எழுதிவைத்தார். துளையிட்ட எதிர்மின்வாயின் பின்புறத்தே வெளிப்படும் கிரணங்களை 1886-இல் கோல்ட்ஸ்டைன் கண்டார். அயனி விழுந்த இடம் சூடேறி ஆவியாகிறது என்ற அனுமானமும், உந்தம் கைமாறுவதால் அணு வெளியேறுகிறது என்ற அனுமானமும் நெடுநாள் போட்டியிட்டன. 1950-களின் நடுவில் வேனர், ஒற்றைப் படிகத்திலிருந்து தெறிக்கும் அணுக்கள் எல்லாப் பக்கங்களிலும் சமமாகச் சிதறாமல், அணுக்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும் திசைகளையே நாடிச் செல்கின்றன என்று காட்டியதும், வழக்கு உந்தத்தின் பக்கம் தீர்ந்தது. ஆவிக்குத் திசை தெரியாதல்லவா? 1957-இல் ஷாக்லி, குறைகடத்தியினுள் அயனிகளைப் புகுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இவற்றின் பயனாக ஆராய்ச்சியாளர் கவனம் இரு கிளைகளாகப் பிரிந்தது: உள்ளே புகுந்து தங்கும் அயனியை ஒரு சாராரும், வெளியே தெறிக்கும் அணுவை மற்றொரு சாராரும் தொடர்ந்தனர். புகுவதும் இன்றி வெளியேறுவதும் இன்றி, இருந்த இடத்தைவிட்டுச் சிறிதே தள்ளப்பட்ட அணுக்கள் திண்மத்தின் உட்சேதமாக ஆராயப்பட்டனவேயன்றி, மேற்பரப்பின் வடிவத்தை ஆக்கும் காரணமாகப் பெரும்பாலும் எண்ணப்படவில்லை.

அரிப்புச் சித்தாந்தத்தின் அஸ்திவாரம் 1969-இல் பீட்டர் சிக்மண்ட் வகுத்த கோட்பாடு. அயனி திண்மத்துள் சில நானோமீட்டர் ஆழம் சென்று நிற்கிறது. அதன் சக்தி, நிற்கும் இடத்தை மையமாகக் கொண்ட ஒரு நீள்வட்டத் திரளாகச் சுற்றிலும் பரவுகிறது. மேற்பரப்பிலுள்ள ஓர் அணு வெளியேறும் வாய்ப்பு, அவ்விடத்தை வந்தடையும் சக்தியின் அளவுக்கு விகிதமானது. இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு பெறப்படும் என்பதை 1973-இல் அவரே எடுத்துரைத்தார். பள்ளத்தின் அடியிலுள்ள அணு, தன்னைச் சுற்றிப் பக்கங்களில் விழுந்த அயனிகளின் சக்தித் திரள்களுக்கு அண்மையில் இருக்கிறது. மேட்டின் உச்சியிலுள்ள அணுவோ அவற்றினின்றும் விலகி நிற்கிறது. ஆதலால் பள்ளம் விரைந்து ஆழமாகும், மேடு தங்கும். கண்ணாடியின்மீது அயனிப் பொழிவால் அலைகள் எழுவதை மூன்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1962-லேயே கண்டறிந்திருந்தனர். அவற்றுக்கு விளக்கம் தேடிய மார்க் பிராட்லியும், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜேம்ஸ் ஹார்ப்பரும் 1988-இல் சிக்மண்டின் அரிப்பையும், மேற்பரப்பில் அணுக்கள் ஊர்ந்து மேடுபள்ளத்தைத் தணிக்கும் பரவலையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தனர். அரிப்பு வளர்க்க, பரவல் தணிக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அலைநீளம் மட்டும் மற்றவற்றை முந்தி எழும் என்றது அச்சமன்பாடு. கற்றை மிதமாகச் சாய்ந்திருக்கையில் அலைகளின் முகடுகள் கற்றைக்குக் குறுக்காகவும், மேற்பரப்பை உராய்வதுபோல் மிகச் சாய்ந்திருக்கையில் கற்றையின் திசையோடு ஒட்டியும் அமையும் என்றும் அது முன்னுரைத்தது. பரிசோதனைகளில் இத்திசை மாற்றம் பிரத்தியட்சமாகக் காணப்பட்டபடியால், சித்தாந்தத்தின் மதிப்பு உச்சத்துக்கு ஏறியது.

ஆனால் அதே சமன்பாட்டில் இன்னொரு முன்னுரையும் உண்டு. அதன்மீது பலருடைய பார்வை செல்லவில்லை. அரிப்பு மட்டுமே காரணமாயின், எக்கோணத்திலும், கற்றை செங்குத்தாக விழும்போதும்கூட, தட்டையான மேற்பரப்பு நிலைத்து நிற்க முடியாது. அதாவது, அயனிக் கற்றையால் ஒரு பரப்பை மெருகேற்றுவது என்பதே கொள்கையளவில் அசாத்தியமாகும். ஆயினும் அயனிக் கற்றையால் மெருகேறுகிறது என்பது தொழிற்கூடங்களில் நித்தியம் காணும் உண்மை. கார்ட்டரும் விஷ்னியாகோவும் சிலிக்கான்மீது கனத்த அயனிகளைப் பொழிந்து, செங்குத்தை அண்டிய கோணங்களில் அலைகள் எழாததைக் கண்டு, 1996-இல் அதற்கு ஓர் எளிய விளக்கம் தந்தனர். எளிமை மிகுந்திருந்ததனாலோ என்னவோ, உரிய கவனம் அதற்குப் பல்லாண்டுகள் கிட்டவில்லை.

அவ்விளக்கத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். கற்றை, மேற்பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஒரு கோணம் சாய்ந்து, இடப்புறமிருந்து வலப்புறமாக விழுவதாகக் கொள்வோம். மோதலில் உந்தம் பெறும் அணுக்களின் நிகரப் பெயர்ச்சி கற்றை செல்லும் பக்கமாக, அதாவது வலப்புறமாக, இருக்கும். ஓர் அலகுப் பரப்பில் விழும் அயனிகளின் தொகை அக்கோணத்தின் கோசைனுக்கும், ஒவ்வோர் அயனியும் பக்கவாட்டில் தரும் உந்தம் அதன் சைனுக்கும் விகிதமாதலால், பெயரும் பதார்த்தத்தின் அளவு இவ்விரண்டின் பெருக்கற்பலனைத் தொடர்ந்து உயர்ந்து, 45 பாகையில் உச்சத்தை எட்டி, அப்பால் குறையும். இனி ஒரு சிறு மேட்டை எடுத்துக்கொள்வோம். கற்றையை எதிர்கொள்ளும் இடச்சரிவில் விழுகோணம் சிறியது. மறைவான வலச்சரிவில் அது பெரியது. சாய்வு 45 பாகைக்குக் குறைவாயின், உச்சிக்கு இடச்சரிவிலிருந்து வந்து சேரும் பதார்த்தத்தைவிட, உச்சியிலிருந்து வலச்சரிவில் இறங்கிச் செல்லும் பதார்த்தம் மிகுதி. எனவே மேடு கரையும், அவ்வாறே பள்ளம் தூரும். 45 பாகையைத் தாண்டினாலோ கணக்குத் தலைகீழாகும். மேட்டில் வரவு மிகுந்து செலவு குறையும், மேடு வளரும். இதில் ஓர் அணுகூட வெளியே தெறித்ததாகக் கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தேரிக்காட்டில் காற்று எழுப்பும் மணல்வரிகளும், மணல் அங்கிருந்து அகற்றப்படுவதால் அல்லாமல், அங்கேயே இடம் மாறுவதால் தோன்றுபவைதாம். இந்த ஒப்புமையை ஓரளவுக்கு மேல் நீட்டக்கூடாதாயினும், அகற்றாமலே உருவம் ஆக்கலாம் என்ற அளவில் அது பொருந்தும்.

தீர்ப்புக்கு வேண்டிய சாட்சியம் 2008-க்குப் பிறகே முழுமையாக வந்து சேர்ந்தது. ஹார்வர்டில் மாடி, அசீஸ் முதலியோர் தூய்மை காத்து நடத்திய பரிசோதனைகளில், குறைந்த சக்தியுள்ள ஆர்கான் பொழிவின் கீழ் சிலிக்கான், செங்குத்திலிருந்து ஏறத்தாழ 45 அல்லது 50 பாகை வரையில் தட்டையாகவே நின்றது. அதற்கு அப்பாலேயே அலைகள் எழுந்தன. 2011-இல் அவர்கள் அளந்து வெளியிட்ட வளர்ச்சி வேகங்களும் பெயர்ச்சியின் கணக்கோடு ஒத்துவந்தன. அதே ஆண்டில் நாரிஸ் முதலியோர், ஓர் அயனி மோதுவதால் நிகழும் அணுச் சலனம் முழுவதையும் கணிப்பொறியில் தொடர்ந்து, பல மோதல்களின் சராசரியை எடுத்து, அதிலிருந்து மேற்பரப்பின் எதிர்காலத்தை அனுமானித்தபோது, தெறித்து வெளியேறும் அணுக்களின் பங்கு உருவ அமைப்பில் ஏறக்குறையப் புறக்கணிக்கத்தக்கது என்று முடிவுகட்டினர். வியப்பதற்கு இதில் இடமில்லை. இச்சக்தியில் ஓர் ஆர்கான் அயனி வெளியே எறியும் சிலிக்கான் அணு சராசரியில் ஒன்றோ, அதற்கும் குறைவோதான். நிலைபெயர்ப்பவையோ அதனினும் பன்மடங்கு.

இவ்விடத்தில் எதிர்வாதி ஒருவர் எழுந்து, செங்குத்தாக விழுந்த கற்றையின் கீழும் சிலிக்கானில் நானோப் புள்ளிகளும் அலைகளும் தோன்றியதாகப் பல ஆய்வுகள் வெளியாயினவே, அவையெல்லாம் பொய்யா என்று கேட்கலாம். பொய்யல்ல, காட்சி மெய், காரணம் வேறு. கற்றை விழும்போது சிறிது மாலிப்டினமும் கூடவே வந்து சேர்ந்தால்தான் புள்ளிகள் தோன்றுகின்றன என்று 2005-லேயே ஒரு குழுவினர் காட்டினர். 2010-இல் மாக்கோ, ஃப்ராஸ்ட், ஜிபெரி, ஃபோர்ஸ்டர், மிக்கேலி ஆகியோர், சிலிக்கானில் தோன்றும் உருவங்களுக்கு உலோக மாசுகளா காரணம் என்ற வினாவையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிகை வெற்றிடத்தில், கற்றை சிலிக்கானைத் தவிர வேறெதையும் தொடாதபடி காத்து, 2,000 எலெக்ட்ரான்-வோல்ட் கிரிப்டான் அயனிகளைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 × 10²² என்ற தொகையில் பொழிந்தபோது, 45 பாகை வரையில் உருவம் ஒன்றும் தோன்றவில்லை. முன்பே இருந்த மேடுபள்ளமும் சமனாயிற்று. அருகே துருவேறா எஃகை வைத்து அதன் அணுக்களும் உடன் படியுமாறு செய்தவுடன், பழைய ஆய்வுகளில் கண்டவற்றை ஒத்த உருவங்கள் வகைவகையாக எழுந்தன. இவ்வாசிரியர்களுள் ஃப்ராஸ்டும் ஜிபெரியும், சிலிக்கானில் சிறு கோணத்திலும் அலைகள் எழுவதை முன்னர் அறிவித்த லைப்சிக் குழுவைச் சேர்ந்தவர்கள். தம் பழைய முடிவைத் தாமே நீதிமன்றத்தில் நிறுத்திய இந்த நேர்மையை, எத்துறை மாணவரும் கருதிப் பார்ப்பது நன்று.

இந்த வாதத்துக்கு எல்லைகள் உண்டு. அவற்றை மறைப்பது நியாயமாகாது. காலியம் ஆன்டிமனைடு போன்ற இரு மூலகச் சேர்மங்களில், 1999-இல் ஃபாக்ஸ்கோ முதலியோர் 420 எலெக்ட்ரான்-வோல்ட் ஆர்கானைச் செங்குத்தாகப் பொழிந்து அறுகோண ஒழுங்கில் அமைந்த புள்ளிகளைப் பெற்றனர். அங்கே ஒரு மூலகம் மற்றதைவிட எளிதில் தெறிப்பதும், மேற்பரப்பின் சேர்க்கை இடத்துக்கு இடம் மாறுவதும் கூடவே செயற்படுகின்றன. வெள்ளி, செம்பு போன்ற உலோகங்களின் ஒற்றைப் படிகங்களிலோ மேற்பரப்பு படிகமாகவே நிற்பதால், படிகளின் விளிம்பில் அணுக்கள் இறங்க எதிர்ப்படும் தடையும் வெப்பநிலையும் சேர்ந்தே அலைகளின் திசையை முடிவு செய்கின்றன. சிலிக்கானிலும், அயனியின் சக்தி உயர்ந்தால் அரிப்பின் பங்கு எவ்வளவாகும் என்பதிலும், பெயர்ச்சியைத் தனித்தனி மோதல்களின் தொகையாகக் கொள்வதா, அல்லது அயனிகளால் தகைவேறிய மேலடுக்கு பாகுநிலையில் மெல்ல வழிவதாகக் கொள்வதா என்பதிலும் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். ஆனால் இந்த இரண்டாவது வேறுபாடு பெயர்ச்சிப் பக்ஷத்தாருக்குள் நிகழும் உட்பூசலேயன்றி அரிப்புக்கு ஆதரவாகாது.

மென்படலங்களுக்கு வருவோம். ஆவியாக்கிப் படிய வைத்த ஆக்ஸைடுப் படலம் தூண்தூணாக வளர்ந்து, இடையே வெற்றிடங்களைக் கொண்டிருக்கும். காற்றில் எடுத்தவுடன் அவ்வெற்றிடங்களில் ஈரம் புகுந்து ஒளிவிலகல் எண்ணை மாற்றிவிடும். படலம் வளரும்போதே அதன்மீது அயனிக் கற்றையையும் செலுத்தினால் அது நெருக்கமாக வளர்கிறது என்று ஆஸ்திரேலியாவில் மார்ட்டின், நெட்டர்ஃபீல்டு முதலியோர் 1980-களின் முற்பகுதியில் காட்டினர். மோதுண்ட அணுக்கள் முன்னோக்கித் தள்ளப்பட்டு இடைவெளிகளை நிரப்புவதே அதற்குக் காரணம் என்பதை மூலர் கணிப்பொறி மாதிரியால் விளக்கினார். இங்கும் கற்றையின் குணம் அகற்றுவதில் இல்லை. ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ கருவியின் ஆடிகளில் படிந்துள்ள சிலிக்கா, டான்டாலா அடுக்குகள், அயனிக் கற்றை ஓர் இலக்கைத் தாக்க அதிலிருந்து தெறித்த அணுக்களால் ஆனவை. அங்கே அரிப்பு உண்டென்றாலும், அது இலக்கில் நிகழ்வது. படலத்தின் சிறப்பு, வந்து சேரும் அணுக்கள் ஆவியின் அணுக்களைவிடப் பன்மடங்கு சக்தியோடு வந்து, தமக்குரிய இடத்தைத் தேடி அமரும் ஆற்றலில் இருக்கிறது.

மிகை மின்கடத்தி நாடாக்களின் கதை இதனினும் நுட்பமானது. உலோக நாடாவின்மீது, படிகங்கள் யாவும் ஒரே திசை நோக்கி நிற்கும் ஓர் அடித்தளம் வேண்டும். படிகங்கள் தம்முள் விலகி நின்றால் மின்னோட்டம் தடைப்படும். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஃபுஜிகுரா நிறுவனத்தார், யிட்ரியம் கலந்த சிர்க்கோனியாவைப் படிய வைக்கும்போதே அயனிக் கற்றையைச் சாய்வாகச் செலுத்தி இதைச் சாதித்தனர். பொருந்தாத திசையிலுள்ள படிகங்கள் விரைந்து அரிக்கப்பட்டு, கற்றைக்கு வழிவிட்டு நிற்கும் படிகங்கள் எஞ்சுகின்றன என்பது முதலில் தரப்பட்ட விளக்கம். அரிப்பு அன்று, திசைக்குத் திசை வேறுபடும் சேதமே காரணம் என்பது மறுசாரார் விளக்கம். சிர்க்கோனியா முறையில் நல்ல ஒழுங்கு அமைய ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிப்பு வேண்டியிருந்தது. அவ்வளவு நீண்ட வளர்ச்சியில் மெதுவாக நடக்கும் அரிப்புப் போட்டிக்கு அவகாசம் உண்டு என்று ஒப்பலாம். ஆனால் 1997-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மக்னீசியம் ஆக்ஸைடில் அதே ஒழுங்கைப் பத்து நானோமீட்டர் அளவிலேயே பெற்றனர். படிகங்கள் முளைவிடும் பருவத்திலேயே திசை தீர்மானமாகிவிடும் அவ்விடத்தில், நெடும்போட்டியின் விளைவாக ஒழுங்கு பிறந்தது என்ற விளக்கம் தளர்ந்துபோகிறது.

அரிப்பு தன் சொந்தப் பெயரால் ஆளும் துறையும் இல்லாமலில்லை. பெருந்தொலைநோக்கிகளின் ஆடிகளில் எஞ்சிய பிழையை, கற்றையை ஓரிடத்தில் அதிக நேரமும் மற்றோரிடத்தில் குறைந்த நேரமும் நிறுத்தித் திருத்துகிறார்களே, அங்கே எத்தனை அணு வெளியேறிற்று என்ற கணக்கே போதும். சிக்மண்டின் கோட்பாடு அக்கணக்குக்கு உறுதியான துணை. அவருடைய தவறென்று ஒன்றும் இல்லை. எத்தனை அணு தெறிக்கும் என்பதற்கு வகுத்த நூலை, எங்கே மேடு எழும் என்பதற்கும் பிரமாணமாகக் கொண்டவர்கள் பின்வந்தோரே.

இதிலிருந்து ஆய்வுமுறைக்கு ஒரு கடமை பிறக்கிறது. கட்டுரைகளில் அயனியின் இனமும் சக்தியும் கோணமும் தொகையும் தவறாமல் குறிக்கப்படுகின்றன. கற்றை மாதிரியின் எல்லையைத் தாண்டி எங்கே விழுந்தது, மாதிரியைப் பிடித்த கவ்வி எந்த உலோகம், அயனி மூலத்தின் வலைத்தட்டு மாலிப்டினமா கிராஃபைட்டா, பொழிவு முடிந்தபின் மேற்பரப்பில் இரும்பு எவ்வளவு எஞ்சியது என்பவை பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. சிலிக்கானில் செங்குத்துப் பொழிவால் உருவம் கண்டதாகச் சொல்லும் எந்த ஆய்வும் இந்நான்கையும் சேர்த்துத் தராதவரையில், அந்த உருவம் கற்றையால் விளைந்ததா கலத்தால் விளைந்ததா என்று படிப்பவர் பகுத்தறிய வழியில்லை.