பாதியில் நின்ற பட்டியல்: புறப்பாட்டுத் தாமதங்களும் விமானிப் பயிற்சியின் வரலாறும்

2008 ஆகஸ்ட் 20. மாட்ரிட் நகரின் பராஹாஸ் விமான நிலையத்தில், ஸ்பானேர் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானம் ஓடுபாதைவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் உணர்கருவி தரையிலேயே அளவுமீறிச் சூடாகியிருந்தது. பழுதுபார்ப்போர் அதைச் சூடேற்றும் மின்னிணைப்பைத் துண்டித்தனர்; விமானம் மீண்டும் கிளம்பும்போது ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். என்ஜின்களை இயக்கியபின் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியலில், ஃப்ளாப் எனப்படும் இறக்கை மடிப்புகளுக்கான வரி வருமுன், நகர அனுமதி கேட்கும்படி தலைமை விமானி சொன்னார். அந்த வரி விடுபட்டது. மடிப்புகள் நீட்டப்படவில்லை, எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. எழும்பிய சில நொடிகளில் விமானம் விழுந்து 154 பேர் இறந்தனர்.

தாமதம் பயணிக்கு எரிச்சல். விமானிக்கோ அது வேலையின் வரிசையைக் குலைக்கும் ஆபத்து. பயிற்சி முறைகள் இதை உணர்ந்துகொண்டது படிப்படியாகத்தான்.

முதல் படி 1935 அக்டோபர் 30 அன்று, ஒஹாயோவின் ரைட் ஃபீல்டு தளத்தில் நிகழ்ந்தது. நான்கு என்ஜின் கொண்ட போயிங் மாடல் 299, சோதனைப் பறப்பில் செங்குத்தாக ஏறி விழுந்தது. தரையில் நிற்கும்போது வால்பகுதி காற்றில் அடிபடாமலிருக்கப் போடும் பூட்டை யாரும் எடுக்கவில்லை. ஓட்டிய மேஜர் ஹில் தேர்ந்த விமானி. ஆகவே திறமைக் குறை என்று எவரும் சொல்லவில்லை. நினைவை மட்டும் நம்பக்கூடாது என்று முடிவு செய்து பட்டியலை எழுத்தில் வைத்தனர்.

எழுதி வைத்தால் போதுமா? 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் இரண்டுமே டெனரீஃபுக்குத் திருப்பிவிடப்பட்டவை. பணிநேர வரம்பு நெருங்குகிற கவலையில் இருந்த கே.எல்.எம். தலைமை விமானி, அனுமதியின்றிப் புறப்பட்டார். பறப்புப் பொறியாளர் எழுப்பிய ஐயம் எடுபடவில்லை. மூத்தவரிடம் தயங்காமல் பேசவும், இளையவர் சொல்லைக் கேட்கவும் கற்பிக்கும் குழுப் பயிற்சிக்கு 1979-இல் நாசா நடத்திய கருத்தரங்கு வித்திட்டது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் அதைத் தொடங்கியது. அதே ஆண்டு, தரையில் நகரும்போதும் 10,000 அடிக்குக் கீழும் வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சை அமெரிக்க விதி தடை செய்தது.

இருந்தும் 1987-இல் டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255 விமானம் மடிப்புகள் நீட்டாமல் கிளம்பி 156 பேர் இறந்தனர். ஓடுபாதை மாற்றம், தவறவிட்ட திருப்பம் என இடையூறுகளுக்கு நடுவே அந்தப் பட்டியல் படிக்கப்படவே இல்லை. மறு ஆண்டு டல்லாஸில், வரிசையில் காத்திருந்தபோது விமானியறையில் பொதுப்பேச்சு ஓடியது. அங்கும் மடிப்புகள்தான் மறக்கப்பட்டன, 14 பேர் பலி.

நாசாவுக்காக அசாஃப் டெகானியும் ஏர்ல் வீனரும் 1990-இல் அளித்த ஆய்வு, இடையூறு வரத்தான் செய்யும் என்பதிலிருந்தே தொடங்கியது. முக்கியமான வரிகளைப் பட்டியலின் தொடக்கத்திலேயே வைக்கச் சொன்னார்கள். குறுக்கீடு வருமுன் அவை முடிந்துவிடும் அல்லவா? வாசிப்பு தடைபட்டால் தலைப்பிலிருந்து மறுபடி தொடங்கும் பழக்கமும் பயிற்சியில் இடம்பெற்றது.

டெட்ராய்ட் விபத்துக்குப் பின், எச்சரிக்கை ஒலியை ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் சோதிக்கும்படி தயாரிப்பு நிறுவனம் பரிந்துரைத்திருந்தது. அது கட்டாயமாக்கப்படவில்லை. மாட்ரிட்டுக்குப் பின், 2008 அக்டோபரில்தான் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை இந்த வகை விமானங்களுக்கு அதை ஆணையாக்கியது. பரிந்துரை ஆணையாக 21 ஆண்டுகள் ஆயின.