தூதர் ஒளித்து வைத்த ஓவியம்

2019 ஜனவரி 30 அன்று நியூயார்க் நகரில் சோதபீஸ் நிறுவனம் ஓர் உருவப்படத்தை ஏலத்தில் விற்றது. கட்டணங்கள் உட்பட ஏறத்தாழ 72 லட்சம் டாலர். பழைய ஐரோப்பிய ஓவியர் வரிசையில் பெண்ணொருவரின் படம் அதுவரை எந்த ஏலத்திலும் அவ்வளவு விலை பெற்றதில்லை. தீட்டியவர் எலிசபெத் விஜே லெப்ரன். பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் ஓவியர். ஆண்டு 1788. செய்தியாளர்கள் ஓவியரைக் கொண்டாடினார்கள், அது நியாயமே. ஆனால் இரண்டேகால் மீட்டர் உயரத் திரையில் வாளேந்தி நிற்கும் அந்த மனிதர் எந்தத் துறையில் கப்பலேறினார் என்பது புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கல்லவா முதலில் நினைவுக்கு வர வேண்டும்?

அவர் பெயர் மொகம்மது தர்வேஷ் கான். ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சு அரசின் படைத்துணையை நாடித் திப்பு சுல்தான் அனுப்பிய மூன்று தூதருள் ஒருவர். மற்ற இருவர் அக்பர் அலி கான், மொகம்மது உஸ்மான் கான். 1787 ஜூலை 22 அன்று புதுச்சேரியிலிருந்து 'லொரோர்' என்னும் கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது. வைகறை என்பது அப்பெயரின் பொருள். மொரீசியசைத் தொட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, 1788 ஜூன் 9 அன்று தூலோன் துறைமுகத்தை அடைந்தார்கள். ஏறக்குறைய பதினொரு மாதக் கடற்பயணம்.

ஆகஸ்டு 10 அன்று வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி அவர்களை வரவேற்றார். ஆடம்பரத்திற்குக் குறைவில்லை. ஆனால் ஆறு நாள் கழித்து, ஆகஸ்டு 16 அன்று, பிரெஞ்சுக் கருவூலம் கடன்காரர்களுக்குப் பணம் தருவதையே நிறுத்திக்கொண்டது. கைவினைஞர்களும் விதைகளும் பீங்கான் பரிசுகளும் கிடைத்தன. கேட்டு வந்த படை கிடைக்கவில்லை.

விஜே லெப்ரன் தம் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1830-களில் நூலாயின. தூதர்களை ஓபரா அரங்கில் கண்டதும் அவர்களைத் தீட்டும் ஆசை தமக்குப் பிறந்தது என்கிறார் அதில். மன்னர் கேட்டாலன்றி இணங்கமாட்டார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்ல, மன்னரிடமே சொல்லி அதற்கு வழி செய்துகொண்டார். வண்ணங்களோடு அவர் தூதர்களின் விடுதிக்குப் போனபோது ஒருவர் பன்னீர் கொண்டுவந்து அவருடைய கைகளில் ஊற்றினாராம். நெடிய உருவினரான தர்வேஷ் கான் நின்றபடி அமர்வு கொடுத்தார். பொற்பூக்கள் சிதறிய வெண் மஸ்லின் அங்கி அவருடையது. மஸ்லினை அதன் மடிப்பும் மென்மையும் புலப்படத் தீட்டுவது எளிதன்று. அதில் ஓவியர் வென்றிருக்கிறார்.

வண்ணம் உலர்வதற்காகப் படம் விடுதியிலேயே வைக்கப்பட்டது. ஓவியர் கேட்டனுப்பியபோது தர்வேஷ் கான் தர மறுத்தார். தம் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். படத்துக்கு ஓர் உயிர் வேண்டும் என்று காரணம் சொன்னாராம். முடிவில் தந்திரத்தால்தான் படம் ஓவியரின் கைக்கு வந்தது. படத்தைக் காணாத தூதர் தம் பணியாள்மீது ஐயம் கொண்டு அவனைக் கொல்லப் புறப்பட, பாரிசில் அப்படி வழக்கமில்லை என்று மொழிபெயர்ப்பாளர் தடுத்தார். படத்தை மன்னர் விரும்பிக் கேட்டார் என்று சொல்லியே அவரை அமைதிப்படுத்த முடிந்தது.

இதை நகைச்சுவையாகவே அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். பின்னர் எழுதியவர்களும் அவ்வாறே சொல்லி வருகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'உயிர்' பற்றிய சொல் தூதரின் வாயிலிருந்து மொழிபெயர்ப்பாளரின் வாய்க்கும், அங்கிருந்து ஓவியரின் நினைவுக்கும், நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழித்துத் தாளுக்கும் வந்தது. ஆனால் செயலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை: அவர் தம் உருவத்தைப் பிறரிடம் விட விரும்பவில்லை. அமர்வுக்கு இணங்கியதும் முழு விருப்பத்தோடா? உதவி கேட்டு வந்த தூதன், உதவ வேண்டிய மன்னரின் விருப்பத்தை எப்படி மறுப்பான்? ஒரு படைப்பிரிவுகூடத் தராத மன்னரின் பெயர், அந்தப் படத்தைப் பெறுவதற்கு மட்டும் இரண்டு முறை பயன்பட்டிருக்கிறது.

புதுவையிலிருந்து பாரிசுக்குப் போன பெயர்கள் பல. எங்கள் சுத்துக்கேணியின் பெயரே 1956-இல் பாரிசில் அச்சான கசால் தம்பதியரின் அகழாய்வு நூலின் தலைப்பில் இருக்கிறது. அது மண்ணுக்குள் கிடந்தவர்களின் செய்தி. மறுப்புச் சொல்ல அங்கே யாருமில்லை. தர்வேஷ் கான் மறுத்தார்.

தூதர்கள் 1789-இல் புதுச்சேரி வழியே திரும்பினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில், பஸ்தீய் சிறை வீழ்ந்து ஆறு வாரமே ஆன நிலையில், பாரிஸ் ஓவியக் காட்சியில் அந்தப் படம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அக்டோபரில் ஓவியரே நாட்டைவிட்டு ஓடினார். 1793-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1799-இல் திப்புவும் ஸ்ரீரங்கப்பட்டணமும். 1778 முதல் 1792 வரை இரண்டாம் வீரா நாயக்கர் புதுச்சேரியில் எழுதிய தமிழ் நாட்குறிப்பு இதே காலத்தது. ஆனந்தரங்கப் பிள்ளையோடு நின்றுவிடும் நம்மவர்கள் அதையும் ஒருமுறை புரட்ட வேண்டும்.

பெண் ஓவியர்களின் படைப்புகளை ஒன்றுசேர்த்து, அவர்களின் வெற்றி என்று பெயரிட்டு, 2019-இல் அந்த ஏலம் நடந்தது. நுண்கலைக் கழகத்தின் கதவு பெண்களுக்கு அரிதாகவே திறந்த காலத்தில், 1783-இல் அதனுள் நுழைந்த விஜே லெப்ரனுக்கு அந்தப் பெருமை தகும். கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்தான் படத்தில் இன்னும் வாளேந்தி நிற்கிறார்.