ரிங் கதிரும் தானியங்கித் தறியும்: கூலி மட்டமும் கருவிகளின் நாடு கடந்த பயணமும்

ஒரு தொழில்நுட்பம் பிறந்த பிறகு ஒரு நாட்டை வந்தடையச் சராசரியாக 45 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 15 தொழில்நுட்பங்களை 166 நாடுகளில் பின்தொடர்ந்து டியகோ கொமினும் பார்ட் ஹோபைனும் 2010இல் வெளியிட்ட கணக்கு இது. வருமானம் உயர்ந்த நாடுகள் முந்துகின்றன, குறைந்தவை பிந்துகின்றன என்பது இவ்வகை ஆய்வுகளின் பொது முடிவு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பருத்தி ஆலைகளின் வரலாற்றுக்குள் நுழைந்தால் இந்த நேர்கோடு கலைந்துவிடுகிறது. குறைந்த கூலி ஒரு கருவியை வாவென்று அழைத்தது. இன்னொன்றை வாசலிலேயே நிறுத்தியது.

தொடக்கத்தில் நேர்கோடு சரியாகவே பொருந்துகிறது. ஹார்கிரீவ்ஸின் நூற்புக் கருவியான ஜென்னி 1760களில் இங்கிலாந்தில் தோன்றியது. பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன் அங்கே ஏறத்தாழ 20,000 ஜென்னிகள், பிரான்சில் 900, இந்தியாவில் ஒன்றுகூட இல்லை என்கிறார் பொருளியல் வரலாற்றாளர் ராபர்ட் ஆலன். அவர் கணக்கில் ஜென்னியில் போட்ட முதலுக்கு இங்கிலாந்தில் 38 விழுக்காடு வருவாய், பிரான்சில் 2.5, இந்தியாவிலோ நட்டம். கூலி மலிவான இடத்தில் கூலியை மிச்சப்படுத்தும் கருவிக்கு யார் காசு போடுவார்கள்? ஆங்கிலேய நூற்புப் பெண்களின் கூலியை ஆலன் உயர்த்திக் காட்டிவிட்டார் என்று பின்வந்தோர் வாதிட்டுள்ளனர், விவாதம் ஓயவில்லை. எண்கள் மாறலாம், ஒப்பீட்டின் திசை மாறாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரிங் நூற்பு இதே தருக்கத்துக்குள் அடங்கவில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஜான் தார்ப் 1828இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1870களில் வந்த இலகுவான, விரைந்து சுழலும் கதிர்களே அதை வணிகக் கருவியாக்கின. அன்றைய போட்டி, கிராம்ப்டனின் வழிவந்த மியூல். மியூலின் வண்டி முன்னும் பின்னும் ஓடும். அதன் ஓட்டத்தை நிதானிக்கப் பல ஆண்டுப் பழக்கம் உள்ள ஆள் வேண்டும். ரிங் நிறுத்தாமல் முறுக்கிச் சுற்றிக்கொண்டே போகும். அறுந்த இழையை ஒட்டத் தெரிந்தால் போதும், சில வாரப் பயிற்சியில் பெண்களும் சிறுவர்களும் ஓட்டலாம். அதாவது ரிங் மிச்சப்படுத்தியது தேர்ச்சியை.

தேர்ந்த மியூல்காரர்கள் இங்கிலாந்தின் பருத்தி வட்டாரமான லங்காஷயரில், ஓல்டமிலும் போல்டனிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள், வலுவான சங்கத்தோடு. லங்காஷயர் நுண்ணிய நூலில் பெயர் பெற்றது. அதற்கு மியூலே உகந்தது. மேலும் அங்கே நூற்பாலை ஓர் ஊரில், நெசவாலை வேறோர் ஊரில். மியூல் நூலைக் கனமில்லாத உருளையாகவே அனுப்பலாம். ரிங் நூலை மரப் பாபினோடு சுமந்து, வெறும் பாபினைத் திருப்பியும் கொண்டுவர வேண்டும். 1913இல்கூட பிரிட்டனின் கதிர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு மியூல்தான். அதே ஆண்டில் அமெரிக்கக் கதிர்களில் 87 விழுக்காடு ரிங். அமெரிக்கா ஏழை நாடல்ல; ஆனால் அங்கே மியூல்காரர்கள் அரிது, நூலும் பெரும்பாலும் முரட்டு நூல். ஆகவே நாட்டின் மொத்த வருமானத்தை மட்டும் பார்த்து ரிங்கின் பாதையைச் சொல்லிவிட முடியாது. எந்தக் கைக்கு எங்கே தட்டுப்பாடு என்று பார்த்தாக வேண்டும்.

இந்தியாவிலும் ஜப்பானிலும் தேர்ந்த மியூல்காரர்களின் மரபே கிடையாது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1877 ஜனவரி 1 அன்று நாக்பூரில் எம்பிரஸ் மில்லைத் தொடங்கினார். 1880களின் தொடக்கத்திலேயே ரிங்கைச் சோதித்து, பிறகு அதையே பெருக்கினார். லங்காஷயர் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒசாகா நூற்பாலை 1883இல் 10,500 மியூல் கதிர்களோடு ஓடத் தொடங்கியது. 1880களின் இறுதிக்குள் ஜப்பானிய ஆலைகள் வாங்கிய புதுக் கதிர்கள் அநேகமாக எல்லாமே ரிங். ஒரு தடை இருந்தது: ரிங்குக்குச் சற்று நீண்ட இழைப் பஞ்சு தேவை. குட்டை இழைப் பஞ்சையும் நீள இழைப் பஞ்சையும் பக்குவமாகக் கலந்து ஜப்பானியர் அதைக் கடந்தனர். கலப்பதற்குக் கை நிறைய வேண்டும், கைக்கோ அங்கே பஞ்சமில்லை. கிராமத்துப் பெண்களை விடுதியில் தங்கவைத்து இரவு ஷிஃப்டும் ஓட்டியதால் விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் ஒரு மணிநேரமும் சும்மா நிற்கவில்லை. இந்த வெற்றியின் விலையை அந்தப் பெண்களின் உடல்நலம் கட்டியது என்பதைப் பொருளாதார வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இனித் தறி. யார்க்ஷயரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜேம்ஸ் நார்த்ராப்பின் தானியங்கித் தறியை மசாசூசெட்ஸின் டிரேப்பர் நிறுவனம் 1894இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஊடை நூல் தீர்ந்ததும் தறியே மாற்றிக்கொள்ளும். லங்காஷயர் நெசவாளி நான்கு தறி பார்த்தபோது, நார்த்ராப்பில் ஒருவர் பதினாறும் அதற்கு மேலும் பார்த்தார். பம்பாயில் ஒருவருக்கு வழக்கமாக இரண்டே. நார்த்ராப் தறியின் விலையோ சாதாரணத் தறியைவிட மிக அதிகம். கூலி மலிவு, முதல் அரிது என்ற நிலையில் பம்பாய் முதலாளிக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகவில்லை. சென்னை பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் தானியங்கித் தறிகளை ஓட்டின. ஆனால் அது விதிவிலக்கு. கருவி ஒரு நாட்டுக்கு வந்துசேர்வது வேறு, பரவுவது வேறு. நாடுகளுக்கிடையே வந்துசேரும் இடைவெளி சுருங்கியும் பரவும் அளவில் இடைவெளி விரிந்தே வந்திருக்கிறது என்று கொமினும் மார்ட்டி மெஸ்தியேரியும் காட்டியது இதைத்தான்.

பொருளியல் வரலாற்றாளர் கிரிகரி கிளார்க் 1987இல் வேறொரு கேள்வி எழுப்பினார். 1910ஐ ஒட்டி, அதே வகை இயந்திரத்தில் நியூ இங்கிலாந்துத் தொழிலாளி ஒருவர் இந்தியரோ சீனரோ ஏறக்குறைய ஆறு பேர் செய்யும் வேலையைச் செய்தார். அப்படியானால் மலிவுக் கூலி உண்மையில் மலிவா? குற்றத்தைத் தொழிலாளிமேல் சாய்க்கும் வாசிப்புக்கு இது இடம் தருகிறது, நான் ஏற்கவில்லை. இரண்டு தறிக்கு ஒருவரை நிறுத்துவது கூலி மலிவின் விளைவாகவும் இருக்கலாம். மேலும் காலனி ஆட்சி 1896இல் இந்திய ஆலைத் துணிமேல் 3.5 விழுக்காடு உள்நாட்டு வரி போட்டது. அது 1926 வரை நீடித்தது. ஜப்பானின் சொந்த மேஜி அரசுக்குக் கீழே இருந்த ஒசாகாவுக்கு இப்படி ஒரு சுமை இல்லை. தலா வருமானம் என்ற ஓர் எண்ணுக்குள் இந்த அரசியல் வேறுபாடு அடங்காது.

ஜப்பானில் கூலி ஏற ஏறக் கணக்கு மாறியது. சாகிச்சி டொயோடாவின் ஜி வகைத் தானியங்கித் தறி 1924இல் வந்தது. 1929இல் பெண்களின் இரவு ஷிஃப்ட் தடைசெய்யப்பட்டபோது ஆளைக் குறைக்கும் கருவியின் தேவை இன்னும் கூடியது. அதே 1929இல், ஜப்பானின் முதல் ஆலைகளுக்கு இயந்திரம் விற்ற ஓல்டமின் பிளாட் பிரதர்ஸ், அந்தத் தறியின் உரிமைக்காக டொயோடாவுக்கு 1,00,000 பவுண்டு தர ஒப்பந்தம் செய்தது.