பாங்குகள் திருப்பிக் கொடுத்த பணம்

சரித்திரம் என்றவுடன் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் நினைக்கும் பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. ஒரு நாட்டு மக்கள் தங்களிடமிருந்து முறையின்றி வாங்கப்பட்ட பணத்தைக் கடிதம் எழுதியே திரும்பப் பெற்றதும் சரித்திரந்தான். பிரிட்டனில் 2011 முதல் 2019 முடிய ஒன்பது ஆண்டுகளில் பாங்குகளும் பிற கடன் நிறுவனங்களும் தம் வாடிக்கைக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுனுக்கு மேற்பட்டது. பவுன் என்று நான் சொல்வது தங்கத்தை அன்று, அந்நாட்டு நாணயத்தை. அப்பணம் எவ்வாறு போயிற்று, எவ்வாறு திரும்பிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், விற்கப்பட்ட சரக்கு இன்னதென்று அறிந்துகொள்வோம். வீட்டைப் பழுதுபார்க்கவோ, கார் வாங்கவோ, பழைய கடனை அடைக்கவோ ஒருவர் பாங்கில் கடன் வாங்குகிறார். மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். இடையில் நோய் வந்தாலோ, விபத்து நேர்ந்தாலோ, வேலை போய்விட்டாலோ தவணையை யார் கட்டுவது? அத்தகைய காலத்தில் சில மாதங்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கட்டும். அதற்காகக் கடன் வாங்கியவர் பிரீமியம் செலுத்த வேண்டும். இதைத் தவணைக் காப்பீடு என்று சொல்லலாம். எண்ணத்தில் பழுதில்லை. மாதச் சம்பளம் ஒன்றையே நம்பி வாழும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதலாக இருந்திருக்கக்கூடும். விற்ற முறையில்தான் பழுது புகுந்தது.

கடன் கேட்டு மேசைக்கு முன் அமர்ந்திருப்பவர், கடன் கிடைக்க வேண்டுமே என்ற கவலையில் இருப்பவர். அவரிடம் காப்பீட்டையும் எடுத்தால்தான் கடன் எளிதில் கிடைக்கும் என்ற எண்ணம் வளர்க்கப்பட்டது. சிலரிடம் அதைப்பற்றிப் பேசவே இல்லை. மாதத் தவணை இவ்வளவு என்று சொன்ன தொகைக்குள்ளேயே பிரீமியமும் அடங்கியிருந்தது. சொந்தத் தொழில் செய்வோர், ஓய்வு பெற்றவர், முன்பே நோய் உள்ளவர் ஆகியோருக்கு அப்பத்திரத்தின் முக்கியமான பயன்கள் செல்லா என்பது நிபந்தனைகளில் எழுதப்பட்டிருந்தது. எனினும் அவர்களிடமும் விற்றனர். பிரீமியம் முழுவதையும் முதலிலேயே கடனோடு சேர்த்துவிடும் வழக்கம் ஒன்றும் இருந்தது. காப்பீட்டுக்கென்று கடன் வாங்கி, அக்கடனுக்கும் வட்டி கட்டும் நிலைமை! 

ஏன் இவ்வளவு ஆர்வம்? கடன் கொடுக்கும் தொழிலில் போட்டி மிகுந்து, வட்டியிலிருந்து வரும் இலாபம் சுருங்கியது. காப்பீட்டிலோ போட்டி இல்லை. கடன் வாங்க வந்த இடத்திலேயே அதையும் வாங்கிச் செல்லும் மனிதர் விலை விசாரிக்கக் கடை கடையாக ஏறி இறங்குவதில்லை. வசூலான ஒவ்வொரு 100 பவுன் பிரீமியத்திலும் நஷ்ட ஈடாக மக்களுக்குச் சென்றது ஏறக்குறைய 14 பவுன்தான் என்று அந்நாட்டு வாணிபப் போட்டிக் கமிஷன் பின்னர்க் கணக்கிட்டது. மோட்டார் வண்டிக் காப்பீட்டில் அது 78 பவுன். வீட்டுக் காப்பீட்டில் 54. 1990-க்கும் 2010-க்கும் இடையே பெரும்பாலும் விற்கப்பட்ட இப்பத்திரங்கள் 6 கோடியே 40 லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

ஒரு கடனை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். 2006-ஆம் ஆண்டில் 59 வயதுள்ள கைம்பெண் ஒருவர், கல்லூரி ஆசிரியை, தம் வீட்டுக் கதவிடுக்கில் வந்து விழுந்த தரகர் விளம்பரத் தாளைக் கண்டு, பாராகன் என்னும் நிறுவனத்தில் 34,000 பவுன் கடன் வாங்கினார். திருப்பும் காலம் பத்து ஆண்டு. தவணைக் காப்பீட்டின் பிரீமியம் 5,780 பவுன். அதுவும் கடனில் சேர்ந்தது. காப்பீடு செல்லும் காலமோ முதல் ஐந்து ஆண்டுகள் மட்டுமே. கமிஷன் உண்டு என்று ஒரு குறிப்புத் தாள் சொல்லிற்று. எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. அந்த 5,780-இல் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியைச் சென்றடைந்தது 1,630 பவுன், தரகருக்கு 1,870, கடன் கொடுத்தவரே எடுத்துக்கொண்டது 2,280. நூற்றுக்கு ஏறத்தாழ 72 பங்கு இடையிலேயே கரைந்துவிட்டது. இவ்வம்மையாரின் வழக்கிற்குப் பின்னர் வருகிறேன்.

முதற்குரல் எழுப்பியவர்கள் வழக்கறிஞர்களும் அல்லர், அமைச்சர்களும் அல்லர். 1939-இல் உலகப் போர் மூண்டபோது மக்களுக்கு வழிகாட்டத் தொடங்கப்பட்ட குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் அந்நாட்டில் ஊர்தோறும் உண்டு. தொண்டர்கள் பலர் அங்கே அமர்ந்து கடன்பட்டோரின் கதைகளைப் பொறுமையுடன் கேட்கின்றனர். கேட்ட கதைகளில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதை அவர்கள் கண்டனர். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இத்தகைய அமைப்புக்கள் ஒரு வாணிபம் முழுவதன்மீதும் புகார் கொடுக்கலாம், 90 நாளில் அரசாங்கத்துறை பதில் சொல்லியாக வேண்டும் என்று வழி செய்திருந்தது. அவ்வழியில் 2005 செப்டம்பரில் புகார் கொடுத்தனர். விசாரணை மேல் விசாரணை நடந்தது. நிதித் தொழில்களைக் கண்காணித்த சபை சில நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. 2008 அக்டோபரில் அலையன்ஸ் அண்டு லெஸ்டர் பாங்கு 70 லட்சம் பவுன் கட்டியது. பிரீமியத்தைக் கடனோடு சேர்த்து விற்கும் முறை 2009-இல் நின்றது.

வருங்காலத்தில் விற்பதைத் தடுப்பது ஒன்று; கடந்த காலத்தில் வாங்கியதைக் கக்க வைப்பது வேறொன்று. பின்னதற்கு வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரும் தாமே எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. பழைய பத்திரத்தைத் தேடி எடுத்து, எப்பொழுது, எவ்வாறு விற்றார்கள் என்று விவரித்து, பாங்கிற்குக் கடிதம் எழுத வேண்டும். எட்டு வாரத்திற்குள் தக்க பதில் வராவிட்டால், அல்லது பதில் மறுப்பாக இருந்தால், ஆம்புட்ஸ்மன் எனப்படும் மத்தியஸ்தரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மார்ட்டின் லூயிஸ் என்னும் பத்திரிகையாளர் மாதிரிக் கடிதங்களை இலவசமாகக் கொடுத்து, பலருடைய தயக்கத்தைப் போக்கினார். பாங்குகளோ மறுத்துக்கொண்டே இருந்தன. மறுத்தால் பெரும்பாலோர் ஓய்ந்துவிடுவர் என்பது அனுபவக் கணக்கு. அக்கணக்கு நெடுநாள் பொய்க்கவும் இல்லை.

2010 ஆகஸ்டில் கண்காணிப்புச் சபை, இப்புகார்களை எவ்வாறு ஆராய வேண்டும் என்று புதிய கட்டளை பிறப்பித்தது. புகார் செய்யாதவர்களின் நிலையையும் பாங்குகள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். பாங்குகளின் சங்கம் உடனே உயர் நீதிமன்றம் சென்றது. அங்கே எழுந்த கேள்வியைச் சட்டம் பயிலும் மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

சபையின் விதிகள் இரு வகைப்பட்டவை. இன்ன தாளை இன்ன நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பன போன்ற நுணுக்க விதிகள் ஒரு வகை. நேர்மையுடன் தொழில் நடத்துக, வாடிக்கைக்காரரை நியாயமாக நடத்துக, தெளிவாகவும் ஏமாற்றாமலும் அறிவிப்புச் செய்க என்னும் பொதுக் கோட்பாடுகள் மற்றொரு வகை. நுணுக்க விதிகளைத்தான் கடைப்பிடித்துவிட்டோமே, அவற்றுக்கு மேல் பொதுக் கோட்பாடுகளை வைத்து எங்களிடம் ஈடு கேட்கலாமா, முன்பு நடந்த விற்பனையைப் பின்பு வந்த அளவுகோலால் அளக்கலாமா என்பது பாங்குகளின் வாதம். எளிதில் தள்ளிவிடத் தக்க வாதம் அன்று இது. எழுதிய விதியை நம்பித் தொழில் செய்பவனுக்கு அவ்விதியே எல்லை என்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆயினும் நீதிபதி ஊஸ்லி 2011 ஏப்ரல் 20-ஆம் நாள் அதை ஏற்கவில்லை. பொதுக் கோட்பாடுகளே அடித்தளம். நுணுக்க விதிகள் அவற்றைக் குறிப்பிட்ட இடங்களில் பொருத்திக் காட்டுபவை. ஆகவே விதிகள் இருப்பதனால் கோட்பாடுகள் மறைந்துபோகா என்று தீர்த்தார்.

மூன்று வாரங்கூட ஆகவில்லை. மே 5-ஆம் நாள் லாயிட்ஸ் பாங்கு மற்றவர்களைப் பிரிந்து வந்து, ஈடு கொடுப்பதற்காக 320 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தது. மே 9-இல் சங்கம் அப்பீல் செய்யும் எண்ணத்தைக் கைவிட்டது. லாயிட்ஸ் பின்னர்க் கொடுத்தவற்றோடு ஒப்பிட்டால் அந்த 320 கோடி வெறும் முன்பணமே. அப்பாங்கின் பங்குகளில் 43 சதவிகிதம் வரை 2009 முதல் அரசாங்கத்திடம் இருந்தன என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நெருக்கடியில் பாங்கைத் தாங்கிய வரி செலுத்துவோரே பங்காளிகளும் ஆயினர். ஈட்டின் சுமையில் ஒரு பகுதி அவர்கள்மீதே விழுந்தது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய பணம் எவ்வளவு என்பதை யாரும் செக்குகளின்மேல் எழுதவில்லை.

கதவு திறந்தபின் கடிதங்கள் வெள்ளமாயின. மொத்தம் 3 கோடியே 24 லட்சம் புகார்கள் வந்தன. கட்டிய பிரீமியமும் அதற்குரிய வட்டியும் திரும்பின. அதன்மேல் ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீதம் தனி வட்டியும் பொதுவாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. வெள்ளம் வந்தால் மீன் பிடிப்போரும் வருவர். உங்கள் பணத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று அறிமுகமில்லாத குரல்கள் இரவு பகலாகத் தொலைபேசியில் அழைத்தன. இலவசமாகச் செய்யக்கூடிய வேலைக்குக் கிடைத்த தொகையில் நான்கில் ஒரு பங்கும் அதற்கு மேலும் கூலியாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2018 ஜூலையில்தான் கூலி 20 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு வந்தது. தரகினால் பிறந்த நோய்க்கு மருந்து கொடுக்கவும் தரகரே வந்து நின்ற விசித்திரம்!

பாங்குகளும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. 2015 ஜூனில் லாயிட்ஸ் பாங்கிற்கு 11 கோடியே 70 லட்சம் பவுன் அபராதம். புகார்களை ஆராய்ந்த ஊழியர்களிடம், நம் விற்பனை முறை சரியானதே என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள். குற்றவாளியே நீதிபதியாகி, விடுதலை என்று முதலில் எழுதிவிட்டுச் சாட்சியை அழைத்தது போல.

இனி அந்த ஆசிரியையின் வழக்கு. கமிஷனை வெளியிட வேண்டும் என்று அக்காலத்து விதி எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் 87 சதவிகிதக் கமிஷன் இருந்த வேறொரு கடனையும் அப்பீல் நீதிமன்றம் 2011-இல் நியாயமற்றதென்று சொல்ல மறுத்திருந்தது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை மாற்றியது. விதி கேட்கவில்லை என்பதனால் உறவு நியாயமானதாகிவிடாது. விலையில் பெரும்பகுதி இடையிலிருப்போருக்குச் செல்வது தெரிந்திருந்தால் இக்காப்பீடு தமக்கு வேண்டுமா என்று எவரும் யோசித்திருப்பர் என்பது தீர்ப்பின் சாரம். அதன்பின், பாதிக்கு மேற்பட்ட கமிஷன் மறைக்கப்பட்ட இடங்களில் மிகுதியைத் திருப்பிக் கொடுக்கும் முறை ஏற்பட்டது. பழைய சபையின் இடத்தில் 2013-இல் அமைந்த புதிய சபை, புகார்களுக்கு 2019 ஆகஸ்டு 29-ஐக் கடைசி நாளாக வைத்து, நடிகர் ஆர்னால்டு சுவாஸ்நெகரின் தலையைப் போன்ற பொம்மை ஒன்றைப் பேச வைத்து விளம்பரம் செய்தது.

அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிற்கு அடிப்படை, 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் 2006-இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு. 2025 ஆகஸ்டு 1-இல் அதே பிரிவு மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது. இம்முறை கார் வாங்கக் கடன் எடுத்தவர்களின் வழக்குகள். வேறு பல வாதங்களை மறுத்த நீதிமன்றம், ஒருவருடைய கடனில் மட்டும், கடனுக்கான மொத்தச் செலவில் 55 சதவிகிதம் கமிஷனாகப் போனதையும் அது அவருக்கு மறைக்கப்பட்டதையும் கண்டு, அந்த 1,650 பவுன் சில்லறையை வட்டியுடன் அவருக்குத் திருப்பித் தருமாறு உத்தரவிட்டது.