தபால் வந்தது, தமிழ் வரவில்லை

2001-ல் நான் திருவிடந்தையிலிருந்து கிளம்பி, திருப்போரூரில் பஸ் மாறி, செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்துக்குத் தமிழ் டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் சென்னைத் தலைமையகத்துக்கு ஒரு சுற்றறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினேன். அரை மணியில் போன் வந்தது. "என்னய்யா அனுப்பியிருக்கே? ஒரே பூச்சி பூச்சியா இருக்கு!" மறுநாள் அதே கடிதம், எழுத்துருவையும் சேர்த்து, ஃபிளாப்பியில் பஸ் ஏறியது.

கோளாறின் வேர் 1982-ல் வகுத்த எஸ்.எம்.டி.பி. அஞ்சல் விதியில் இருந்தது. எழுத்துக்கு ஏழு பிட், மொத்தம் 128 இடம். ஆங்கிலத்துக்கு அது போதும். எங்கள் தமிழ் எழுத்துருவோ அதற்கு மேலிருந்த 128 இடங்களில் குடியிருந்தது. அங்கே எட்டாவது பிட் வேண்டும். வழியில் ஒரு பழைய சர்வர் அதை நறுக்கிவிட்டால் தமிழ் போச்சு. 1992-ல் வந்த மைம் முறை எட்டு பிட்டை ஏழுக்குள் மடித்து அனுப்பியது. பிரிக்கத் தெரியாத மென்பொருளிடம் போனால், திரை முழுக்க சமக்குறிதான்.

பாமினி எழுத்துரு பிழைத்துக்கொண்டது. அதில் பெரும்பாலான எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. 'அம்மா' சேதமில்லாமல் போய்ச் சேரும். ஆனால் பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அம்மா வெறும் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற வேறொரு குறியீட்டில் எழுதினார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தது. அதை ஒழுங்காகக் கோத்துக் காட்ட விண்டோஸ் 2000 வேண்டும். எங்கள் மேசையில் இருந்ததோ விண்டோஸ் 98. அதனால் போனை எடுத்ததும் நலம் விசாரிப்பதற்கு முன் "எந்த ஃபாண்ட்?" என்றுதான் கேட்போம். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

எங்கள் ஊர் நித்யகல்யாணப் பெருமாளிடம் கல்யாணம் வேண்டி வருகிறவர்கள் மாலையும் கழுத்துமாகப் பிராகாரம் சுற்றுகிறார்கள். சுற்றி முடித்ததும் வாசலில் நின்று வெளிநாட்டு உறவுக்குத் தமிழில் செய்தி தட்டுகிறார்கள். எந்த ஃபாண்ட் என்று அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கேட்பதில்லை.